இரண்டாவது கயிறு

லிஃப்ட்காரர் அன்று காலை ஒரு சபதம் எடுத்தார். இனி இந்த வீட்டில் ஒரு எழுத்துகூடத் தொலையக் கூடாது.

சபதத்தைச் சமையலறை வாசலில் நின்று சத்தமாகவே சொன்னார். மனைவி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள்.

"என்ன சரி?"

"தொலையாதுன்னீங்க. சரின்னேன்."

முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த மனிதருக்கு வீட்டில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், இருட்டுக் குழிக்கு மேலே ஒற்றைக் காலில் நின்று வேலை செய்தவர். அவர் முடுக்கிய போல்ட்டை நம்பி எத்தனையோ பேர் மேலே போய் உயிரோடு கீழே வந்திருக்கிறார்கள். ஒருவராவது நன்றி சொன்னதுண்டா? லிஃப்ட் நின்றால்தான் லிஃப்ட்காரர் ஞாபகம் வரும். ஓடுகிற வரைக்கும் அவர் யாரோ.

அவருக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிட்டது. ஆனால் காது மேலே மேலே படித்தது. எந்த மோட்டாருக்கு என்ன நோய் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மகள் வேண்டாமென்று விட்டுப்போன கம்ப்யூட்டர் போன வாரம் 'கிர்ர்ர்' என்று முனகியபோது அவர் எழுந்துபோய் அதன்மேல் காதை வைத்தார். உள்ளே சுற்றுகிற தட்டும் ஒரு மோட்டார்தானே. இது சாகப்போகிற மோட்டார்.

கம்ப்யூட்டர் செத்தால் அவருக்கென்ன என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அதற்குள் ஒரு ஃபைல் இருந்தது. பெயர் 'நடந்தவை'. பதினெட்டு வருடங்களாக உலகம் அவருக்குச் செய்த அநியாயங்கள் எல்லாம் தேதி, கிழமையோடு அதில் இருந்தன. மொத்தம் அறுநூற்றுப் பதின்மூன்று. முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். கம்ப்யூட்டர் வந்ததும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினார். ஏற்றி முடித்ததும் நோட்டுகளைக் கிழித்துப் போட்டார். யார் கண்ணிலும் படக் கூடாது அல்லவா? ஃபைலை 'மின்சார பில்' என்ற உறைக்குள் ஒளித்துவைத்துக் கடவுச்சொல்லும் போட்டார். இந்த வீட்டில் யார் போய் மின்சார பில்லைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

முதல் பதிவு, மகள் கல்யாணம். அன்று பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் நாலு வார்த்தை பேச ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். ஒரு மாதம் எழுதிய பக்கம். மைக்கை நெருங்கும்போது மனைவியின் அண்ணன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தாளைக் கையிலிருந்து உருவினார். "எட்டாங்கிளாஸுக்கு எதுக்கு மாப்ள மைக்கு? நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவரே முக்கால் மணி நேரம் பேசினார். கூட்டம் சிரித்தது. அந்தப் பக்கத்தை மனப்பாடமாக வைத்திருந்து அப்படியே ஃபைலின் முதல் பக்கமாக ஏற்றியிருந்தார் லிஃப்ட்காரர்.

இரண்டாவது பதிவு மனைவியைப் பற்றி, ஒரே வரி. 'அவள் பக்கத்தில்தான் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.'

அதிலிருந்து வண்டி நிற்கவே இல்லை. எதிர்வீட்டு பஸ் டிரைவர் ஸ்கூட்டரை மாடிப்படிக்குக் குறுக்கே நிறுத்துவது. மருமகன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்காதது. சமீப காலமாக இவர்கள் எல்லோரும் இன்னும் கெட்டுப்போயிருந்தார்கள். 402: 'டிரைவர் இன்று ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தியிருக்கிறான். என்ன திட்டமோ.' 455: 'மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்தார். நான் கிழவன் என்று சபைக்குக் காட்டுகிறாராம்.' 510: 'தலைமையாசிரியர் ஆறு மாதமாக எட்டாங்கிளாஸ் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. திட்டக்கூடத் தகுதியில்லாதவன் என்று முடிவு கட்டிவிட்டார்.'

வருகிற ஞாயிறு அவருக்கு எழுபது வயது. எல்லோரும் வருகிறார்கள். சாப்பாடு முடிந்ததும் எழுந்து நின்று, முதலாவதிலிருந்து கடைசிவரை வாசித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். பதினெட்டு வருடம் காத்திருந்தது அந்த ஒரு மதியத்துக்காகத்தான். இந்த நேரத்தில் கம்ப்யூட்டர் 'கிர்ர்ர்' என்றால்?

"லிஃப்டை யாராவது ஒத்தைக் கயித்துல தொங்க விடுவாங்களா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"மாட்டாங்க."

"ஏன்?"

"நாப்பத்திமூணு வருஷமா சொல்றீங்களே. ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கணும்."

"அதான். இதுதான் ரெண்டாவது கயிறு."

மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. இரண்டு செங்கல்லைச் சேர்த்துவைத்த அளவு. உள்ளே பெரிய பெரிய தட்டுகள். வீட்டு வைஃபை பெட்டியோடு ஒரு ஒயரில் கட்டிவிட்டால், கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் தானாகவே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுமாம். தினமும். கேட்காமலே.

"இதுக்கு மாப்பிள்ளையக் கூப்பிடலாமே. அவருக்கு இதான வேலை."

"அந்த ஆளா?"

"எதிர்வீட்டுக்காரர் கேமரா எல்லாம் அவரே மாட்டினார்."

"அவனா?"

"எங்க அண்ணன்கூட இப்ப கம்ப்யூட்டர்ல..."

"உங்க அண்ணனா!"

"அப்ப நீங்களேதான்," என்றாள். தட்டு துடைப்பது தொடர்ந்தது.

உதவி செய்யத் தெரிந்த அத்தனை பேரும் அந்த ஃபைலுக்குள் இருந்தார்கள். பதினெட்டு வருடம் பகையை ஒழுங்காகப் பராமரித்தால் இந்த ஒரு சங்கடம் வரத்தான் செய்யும். கடைசியில் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். மறுமுனையில் இருந்த இளைஞன் பத்து நிமிடம் பொறுமையாகப் பேசிவிட்டு, "சார், வீட்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா போனைக் குடுங்களேன்" என்றான்.

"வீட்டு ஓனரே நான்தான்யா!"

"அது சரி சார். தெரிஞ்சவங்க?"

போனை வைத்தார். அறுநூற்றுப் பதினான்கு.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் வேலை தொடங்கியது. ஒயரைச் செருகினார். பெட்டி பச்சை விளக்கு காட்டியது. திரையில் இரண்டு கட்டங்கள் வந்தன. நடுவில் ஒரு அம்புக்குறி, இடமிருந்து வலமாக. எது எந்தக் கட்டத்தில் என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே லிஃப்ட்காரர் தயங்கவே இல்லை. கயிறு மாற்றுவதில் அவர் ஊரறிந்த கை. புதுக் கயிறு போடும்போது எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? புதுச் சுருளிலிருந்து. புதியதன் நுனியைப் பழையதோடு கட்டி இழுத்தால் புதியது பழையதன் இடத்துக்குப் போய்ச் சேரும். எத்தனையோ கட்டடத்தில் செய்தது. தவறியதே இல்லை. ஆகவே புதுப் பெட்டியை இடது பக்கம் போட்டார். பழைய கம்ப்யூட்டரை வலது பக்கம் போட்டார்.

அடுத்து எப்படி நகலெடுக்க வேண்டும் என்று கேட்டது. அதில் 'கண்ணாடி முறை, இரு பக்கமும் ஒன்றுபோல்' என்று ஒன்று இருந்தது. இரண்டு கயிறும் ஒரே தடிமன், ஒரே இழுவை. இதைவிட வேறென்ன வேண்டும்?

மனைவி எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. அவள் இருபத்தாறு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவள். அந்த அறையில் பழகிய காலடி, கேட்கவே கேட்காது. தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். கட்டங்களைப் பார்த்தாள். அம்புக்குறியைப் பார்த்தாள்.

"மூக்குக் கண்ணாடி ஒரே தூசியா இருக்கே. குடுங்க, துடைச்சுத் தரேன்."

"வேலை நடுவுலயா?"

"அதான் இவ்வளவு கிட்டப் போய்ப் பாக்கறீங்க. குடுங்க."

கொடுத்தார். அவள் துடைத்தாள். நிதானமாக, இரண்டு பக்கமும். அதற்குள் திரையில் ஒரு மஞ்சள் கட்டம் தோன்றியது. உள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து.

"என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"தொடரலாமான்னு கேக்குது."

"அவ்வளவுதானா? அதுக்கா இத்தனை வரி?"

"கடைசியில அதான் கேக்குது. ஆமாம், இல்லைன்னு ரெண்டு இருக்கு."

"ஆமாம் எது?"

"இடது பக்கம். அழுத்துங்க."

அழுத்தினார். ஒரு நீலக் கோடு ஓடியது. பதினோரு நொடி. பதினெட்டு வருடத்தை இத்தனை சீக்கிரம் நகலெடுக்க முடிகிறதே என்று மனதுக்குள் பெட்டியைப் பாராட்டினார். மனைவி கண்ணாடியைத் துடைத்து முடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் அதை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். காலி.

கம்ப்யூட்டரைத் திறந்தார். காலி. மின்சார பில் உறை இல்லை. குப்பைத் தொட்டியில் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை.

கண்ணாடி முறை பொய் சொல்லவில்லை. புதிய பெட்டியில் ஒன்றும் இல்லை, பழையதிலும் ஒன்றும் இல்லாமல் ஆக்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல்.

"முடிஞ்சுதா?" சமையலறையிலிருந்து குரல்.

"முடிஞ்சுது."

"எல்லாம் பத்திரமா இருக்கா?"

"பத்திரமா இருக்கு," என்றார் லிஃப்ட்காரர்.

அடுத்த மூன்று நாள் அவர் பட்ட பாட்டை எழுதினால் அதுவே ஒரு தனி ஃபைல் ஆகும். ஒரு நோட்டு வாங்கி ஞாபகத்திலிருந்து எழுதப் பார்த்தார். நாற்பது வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வந்ததும் கலங்கலாக வந்தது. கோபம் அப்படியே இருந்தது, காரணத்தைக் காணோம். மருமகன்மேல் கொதிக்கக் கொதிக்க ஒரு ஆத்திரம், எதற்கென்றே நினைவில்லை. அது எப்படிப்பட்ட அவஸ்தை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த ஒரு பக்கம், கல்யாணப் பேச்சு, அதில்கூட நடுவில் ஒரு பத்தி போய்விட்டது. அதுதான் பெரிய இழப்பு. ஒரு மாதம் எழுதிய பக்கம்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி கேட்டாள். "ஞாயித்துக்கிழமைக்கு எத்தனை பேர்னு வச்சுக்கறது?"

"பிறந்தநாளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"ஏன்? படிக்க ஒண்ணும் இல்லாம போச்சா?"

லிஃப்ட்காரர் டீ தம்ளரைக் கீழே வைத்தார்.

"எதைப் படிக்க?"

"ரெண்டு மாசமா குளியலறையில தொண்டையச் செருமிச் செருமிப் படிச்சுப் பாத்தீங்களே. அதை."

"உனக்கு... உனக்கெப்படி..."

"மின்சார பில்லைத் தேடிப் போனேன். இந்த வீட்ல அதைக் கட்டறது நான்தானே?"

"கடவுச்சொல்?"

"இந்த வீட்ல உங்களுக்கு மறக்காத தேதி ஒண்ணுதான். எங்க அண்ணன் மைக்கைப் பிடுங்கின தேதி. பொண்ணு பொறந்த தேதியக் கேட்டா விரல் விட்டு எண்ணுவீங்க."

அவருக்குக் கோபம் வரவேண்டிய இடம். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. ரெக்கார்டு ரூம்காரியாயிற்றே! நகல் எடுக்காமல் ஒரு தாளைத் தொடுவாளா?

"அப்ப உன்கிட்ட இருக்கு. அந்தப் பேச்சு... இருக்கா?"

அவள் அலமாரியிலிருந்து ஒரு துண்டுச்சீட்டுக் கட்டையும் பேனாவையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். "பேரு, என்ன ஃபைல், என்ன காரணம். எழுதிக் குடுங்க."

"என் வீட்ல, என் ஃபைலுக்கு, நான் சீட்டு எழுதணுமா?"

"எங்க பெரிய டாக்டரே எழுதிக் குடுத்துத்தான் வாங்குவார். இருபத்தாறு வருஷத்துல சீட்டு இல்லாம ஒரு தாள் நான் குடுத்ததில்ல."

எழுதினார். வேறு வழி? காரணம் என்ற இடத்தில் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, 'தொலைத்துவிட்டேன்' என்று எழுதினார். எழுபதாவது வயதில், சொந்த வீட்டில், சொந்தக் கையெழுத்தில்.

அவள் அதைப் படித்துப் பார்த்து மடித்துவைத்தாள். பிறகு ஒரு கோடு போட்ட நோட்டை விரித்தாள். "ஃபைல் இங்க இல்ல. வெளிய போயிருக்கு."

நோட்டில் கட்டம் கட்டமாக இருந்தது. தேதி, பதிவு எண், யாரிடம் போனது. ஆறு வருடத்துக்கு முந்தைய தேதியிலிருந்து ஆரம்பித்திருந்தது. மாடிப்படி, ஸ்கூட்டர்: எதிர்வீட்டுக்காரர். ஜன்னலோர நாற்காலி: மாப்பிள்ளை. முதல் பதிவு, பேச்சோடு: அண்ணன்.

"எல்லாருக்கும் காட்டிட்டியா!"

"எல்லாத்தையும் எல்லாருக்கும் இல்ல. அவங்கவங்களோடதை அவங்கவங்களுக்கு. நோவு ஒருத்தருக்கு இருக்கும், மருந்து குடுக்க வேண்டியவர் இன்னொருத்தர். ஃபைல் அவர் மேசைக்குத்தானே போகணும்? உங்க கம்ப்யூட்டர்லயே கெடந்தா யார் பாக்கறது?"

தள்ளி நின்ற ஸ்கூட்டர். எழுந்து நின்ற மருமகன். வாயடைத்துப்போன தலைமையாசிரியர். திட்டம், அவமானம், அலட்சியம் என்று தேதி போட்டு எழுதினாரே, அத்தனையும் அவர்கள் திருத்திக்கொண்டது. அவருக்குத் தெரியாமல். அவரைக் கேட்காமல்.

ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய துரோகம் செய்ய முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். எல்லோர் கையிலும், அவள் போன் போட்டுத் திருப்பிக் கேட்டிருந்த தாள்.

டிரைவர்தான் முதலில் வந்தான். "அண்ணே, என்னோடது அறுபத்துநாலு. எல்லாம் வரிசையா இருக்கு. அந்த ஹாரன் விஷயம் மட்டும் நான் இல்லண்ணே, என் தம்பி." மருமகன் தொண்ணூற்றேழைக் கொண்டுவந்திருந்தார், சுருக்கம் இல்லாமல், பிளாஸ்டிக் உறைக்குள். "மாமா, இருபத்தி மூணாவது நியாயமான புகார்தான்" என்றார். மகள் தன்னுடைய பங்கைக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. தலைமையாசிரியர் நூற்றுப்பதினெட்டோடு கடைசியாக வந்தார். தடியை ஊன்றி நின்று, மேலாக இருந்த ஒரு தாளை மட்டும் தனியே எடுத்து நீட்டினார்.

"மாப்ள, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. இது உங்க பேச்சு. படிங்க."

லிஃப்ட்காரர் தாளை வாங்கினார். தொலைந்துபோன அந்த நடுப்பத்தி அங்கே இருந்தது. மகளை முதல்முறை லிஃப்டில் ஏற்றி உச்சி மாடிக்குக் கூட்டிப்போன கதை. மேலே போனதும் பயந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, 'அப்பா, இது அறுந்துபோகாதா?' என்று கேட்டாளே, அது. அதன் மேலே சிவப்பு மையில் ஒரு சுழிப்பு. கீழே இன்னொன்று.

"ரெண்டே ரெண்டு எடத்துல திருத்தியிருக்கேன்," என்றார் தலைமையாசிரியர். "மத்தபடி நல்லா வந்திருக்கு."

லிஃப்ட்காரர் திருத்தத்தைத் தாண்டித் தாண்டித் தான் எழுதியபடியே படித்தார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, சரியாகச் சிவப்பு மை இருந்த இடங்களில். எல்லோரும் கைதட்டினார்கள். தலைமையாசிரியர்தான் ரொம்ப நேரம் தட்டினார்.

அதற்குப் பிறகு என்ன செய்வது? மற்றதையெல்லாம் வாசிக்கலாம்தான். ஆனால் சாட்டையை ஓங்கிக்கொண்டு வந்தவன் முன்னால் ஆளாளுக்கு வரிசையில் நின்று முதுகைக் காட்டினால் அவன் யாரை அடிப்பான்? தாள்களை அடுக்கி நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டார்.

எல்லோரும் போன பிறகு, வெயில் இன்னும் இருக்கும்போதே, தாள்களை எண்ணினார். ஒருமுறை எண்ணினார். மறுபடி எண்ணினார். எழுந்து சமையலறை வாசலுக்குப் போனார்.

"முந்நூத்தி நாப்பத்திமூணுதான் இருக்கு."

"அப்படியா?" அவள் தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மொத்தம் அறுநூத்திப் பதினாலு. போன்ல பேசின அந்தப் பயலைத் தள்ளினாலும் இருநூத்தி எழுபது குறையுது."

"அது யாரைப் பத்தினது?"

இருவருக்கும் தெரியும்.

"அதுக்கு நான் காப்பி எடுக்கல," என்றாள். "அது ஒத்தைக் கயித்துலதான் தொங்கிட்டிருந்துது. உங்க கம்ப்யூட்டர்ல."

மஞ்சள் கட்டம் அவர் கண்முன் வந்தது. எறும்பெழுத்து வந்தது. அவள் கையில் நிதானமாக, இரண்டு பக்கமும் துடைபட்ட மூக்குக் கண்ணாடி வந்தது.

"அடிப்பாவி. நீ படிச்சே. அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருந்துதுன்னு முழுசாப் படிச்சே!"

"படிச்சேன்."

"அழிஞ்சுபோகும்னு போட்டிருந்துதா?"

"போட்டிருந்துது. நான் அழிக்கலையே. அழுத்தினது நீங்க." ஒரு தட்டை அடுக்கில் வைத்தாள். "நாப்பத்திமூணு வருஷம். உங்களைப் பத்தி நான் ஒரு வரி எழுதி வைக்கல. வச்சிருந்தா இந்த வீடு தாங்காது."

அந்த இருநூற்று எழுபதில் ஒன்றாவது ஞாபகம் வந்தால் அதை வைத்து அடிக்கலாம். இரண்டாவது பதிவைத் தவிர ஒன்றும் வரவில்லை. அதுவும் ஒரே வரி.

"இதை எழுதுவேன்," என்றார். "இன்னிக்கே எழுதுவேன். இதுதான் இனி ஒண்ணாம் நம்பர்."

"எழுதுங்க," என்றாள் அவள், அடுத்த தட்டை எடுத்துக்கொண்டு. "ரெண்டு பெட்டியிலயும் இடம் காலியாத்தான் கெடக்கு."